குழாய்க்குள் மஞ்சள் துணி

துணியை எடுத்தோமா இல்லையா என்ற கேள்வி ரகுபதிக்கு வந்தபோது எல்லா வேலையும் முடிந்திருந்தது. கடைசி கிளாம்ப் நேற்றே இறுகிவிட்டது, இன்று காலையில் பேட்டரியும் அதன் தட்டில் உட்கார்ந்துவிட்டது, இன்ஜின் மேல்மூடி டொக்கென்று பொருந்திவிட்டது, வாசல் குழாயடியில் குந்தி, உள்ளங்கையில் சோப்புத்தூளைக் கொட்டி, நகக்கண்ணில் இருந்த கறுப்பைத் தேய்க்கவும் ஆரம்பித்துவிட்டான். உள்ளே குரல் கொடுத்து ஒரு காபி கேட்கலாம் என்று வாயைத் திறக்கப்போன நேரம் பார்த்துத்தானா வரவேண்டும். துணி. காரில், டர்போவின் வாயில் அடைத்து வைத்த மஞ்சள் துணி. எடுத்தோமா? எடுத்திருப்போம். எடுக்காமல் எப்படிக் குழாயை மாட்ட முடியும்? ஏன் முடியாது, துணி கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தால் குழாய் பேசாமல் மாட்டிக்கொள்ளுமே. சரி, எடுத்தோம். எடுத்து எங்கே வைத்தோம்? கையில் நுரையோடு அப்படியே உட்கார்ந்து, துணியை இழுத்த அந்த இழுப்பு கையில் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினான். ஒரு இழுப்பு இருந்தது. விரலைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சம் முரண்டு பிடித்து, பிறகு சரக்கென்று வந்த இழுப்பு. ஆனால் அது போன மாதத்தில் வேறொரு வேலைக்காகக் கழற்றியபோது இழுத்தது. நேற்று சாயங்காலத்துக்கான இழுப்பு என்று தனியாக ஒன்றும் அகப்படவில்லை. சனியன் பிடித்த மூளை, மூன்றாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சட்டையில் எத்தனை பொத்தான் இல்லை என்பதை வைத்திருக்கிறது, நேற்று நடந்ததை வைத்திருக்கவில்லை.

எல்லாரும் செய்கிற காரியம்தான் அது. டர்போ என்பது வெளிக்காற்றை உறிஞ்சி இன்ஜினுக்குள் திணிக்கிற சின்னச் சக்கரம். அதன் வாய்க்குப் போகிற குழாயைக் கழற்றினால் வாய் திறந்து கிடக்கும். திறந்து கிடக்கிற வாயில் ஒரு திருகு விழுந்தாலும் போச்சு. அதனால் ஒரு துணியைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். அடைத்ததை மறந்துபோகிறவர்களும் உண்டு. மறந்தவன் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பதற்கென்றே சரவணம்பட்டி டீக்கடையில் ஒரு கூட்டம் உண்டு, அந்தக் கூட்டத்தில் ரகுபதியும் உண்டு. ஒருத்தன் வண்டி துணியை விழுங்கிவிட்டு நின்றபோது, 'பசிச்சிருக்கும்டா பாவம்' என்று சொன்னவன் இவன்தான். அந்தக் கதையைக் கேட்ட அன்றுதான் மோகனப்ரியா ஒரு சட்டம் போட்டாள். அவனுடைய மனைவி, கணக்கு டீச்சர். சட்டம் போடுவது அவளுக்குக் கைவந்த கலை. குழாய்க்குள் எந்தத் துணி போனாலும் அதன் வால் வண்டிச் சாவியில் முடிந்திருக்க வேண்டும். துணி உள்ளே இருக்கிறவரை சாவியும் அங்கேயே தொங்கும், சாவி இல்லாமல் வண்டி கிளம்பாது, தீர்ந்தது விஷயம். பழைய வண்டியில் அந்தச் சட்டம் ஒழுங்காகத்தான் நடந்தது. இந்தப் புது வண்டி வந்துதான் எல்லாம் கெட்டது. சாவியைப் போட ஓட்டையே இல்லாத வண்டி. சாவி என்ற பெயரில் ஒரு பிளாஸ்டிக் கட்டி, அது வண்டிக்குள் எங்கே கிடந்தாலும் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பும். நேற்று லேப்டாப்பை மாட்டி இன்ஜினின் கணினிக்குப் புது மேப்பை, எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்கிற கணக்கை, ஏற்றிக்கொண்டிருந்தான், அதற்குச் சாவி உள்ளே இருந்தாக வேண்டும். லேப்டாப்பில் நீலக்கோடு எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அது முடிகிறவரை சும்மா ஏன் உட்கார வேண்டும், பேட்டரியை வயரோடு தூக்கி ஓரமாக வைத்துவிட்டுக் குழாயையும் மாற்றிவிடலாமே என்று தோன்றியது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் செய்ய வேண்டியது. உட்காராமல் துணியை மட்டும் சாவியில்லாமல் அடைத்தான். 'இன்னைக்கு ஒருநாள்தானே' என்று தன் வாயாலேயே முணுமுணுத்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேவையில்லாதது எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

கையைக் கழுவிவிட்டு வந்து வண்டியைப் பார்த்தான். கணபதி ஏரியாவில் இந்த வீட்டை வாடகைக்குப் பிடித்ததே போர்டிகோவுக்காகத்தான்; வண்டி நின்றது போக ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கலாம். சாம்பல் நிற வண்டி அதில் ஒன்றும் அறியாத பிள்ளை போல நின்றது. பார்க்கிறவர்களுக்கு ஆபீஸ் போகிற வண்டிதான். உள்ளே ஸ்பிரிங்கை மாற்றி, பிரேக்கை மாற்றி, புகைக்குழாயை மாற்றி, நேற்று காற்றுக்குழாயையும் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொரு நட்டும் அவன் கை பட்டது. பதினோரு மணிக்குள் வண்டியை மைதானத்தில் சோதனைக்கு நிறுத்தியாக வேண்டும். பிந்தி வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள், அதில் தயவுதாட்சண்யம் கிடையாது. ப்ரியாவின் பெயர் அது. மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் ஓட்டப்போகிற முதல் பந்தயம். மறுபடி திறந்து பார்க்கலாமா என்றால், மேல்மூடி, பேட்டரி, பேட்டரித் தட்டு, சென்சார் வயர், கிளாம்ப், அதுவும் வண்டியைச் செய்த மகராசன்கள் டர்போவை இன்ஜினுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்து வைத்திருக்கிற லட்சணத்தில் அந்தக் கிளாம்பை விரல் நுனியால் தடவித்தான் பிடிக்க வேண்டும். அவன் ஒருவனாகச் செய்தால் திறந்து மூடுவதற்குள் பதினொன்று தாண்டிவிடும். திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் இருந்தால்? 'ஒண்ணுமில்லாததுக்கா கழட்டினீங்க?' என்று அவள் கேட்பாள். கேட்காமல் பார்ப்பாள், அது இன்னும் மோசம். திறக்காமல் விட்டு, உள்ளே இருந்துவிட்டால்? ஆகவே துணியை வெளியே கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரி. பழைய மஞ்சள் துண்டு ஒன்றைக் கிழித்துச் செய்த துணிகள். ஒன்று தோளில் கிடக்கிறது. ஒன்று எண்ணெய்ப் பிசுக்கோடு டூல் பெட்டிக்குள் கிடக்கிறது. மூன்றாவது எங்கே? மூன்றாகக் கிழித்தோமா, நான்காகக் கிழித்தோமா? நான்கு என்றால் இன்னொன்றையும் தேட வேண்டும். சக்கரத்துக்கு அடியில் பார்த்தான், செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னால் பார்த்தான், குப்பைக்கூடையைக் கவிழ்த்து வெங்காயத் தோலுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தான்.

"ஏனுங் தம்பி, காலங்காத்தால குப்பையில என்ன தேடறீங்க?" மாடியிலிருந்து வீட்டுக்காரர் கனகராஜ் எட்டிப் பார்த்தார். ரிட்டயர்டு ஆனதிலிருந்து அவருக்குக் கீழ் வீட்டு வண்டிதான் வேலை. "ஒண்ணுமில்லைங்க, ஒரு துணி." "துணியா? மஞ்சத் துணியா?" ரகுபதிக்கு உயிர் வந்தது. "ஆமாங்க, பாத்தீங்களா?" "உங்க தோள்ல கெடக்குது பாருங்க" என்றார் அவர், பெரிய உதவி செய்துவிட்ட முகத்தோடு. "அது வேறங்க." "எது வேறயோ போங்க. அந்த டமடம சத்தம் இன்னைக்கும் உண்டுங்களா? வீட்டம்மாவுக்குப் படபடன்னு வருதுன்னு சொல்லுது." "இன்னைக்கு ஒரு தடவைதானுங்க, போயிட்டு வந்துருவோம்." "போயிட்டு நல்லபடியா வாங்க" என்று அவர் சொல்லிவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார். நல்லபடியா. அந்த வார்த்தையை அவர் ஏன் சொல்ல வேண்டும்? எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். கறிக்கடைக்குப் போகிறவனுக்கும் சொல்கிற வார்த்தைதான். ஆனாலும் அது வயிற்றில் எங்கோ போய் விழுந்தது.

கேமரா இருக்கிறதே என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீளமான வயரின் நுனியில் பட்டாணி அளவுக் கேமரா, செல்போனில் மாட்டினால் குழாய்க்குள் இருப்பதெல்லாம் படமாகத் தெரியும். ஃபில்டர் பக்கத்திலிருந்து உள்ளே விட்டால் கிளாம்பைத் தொடாமலே பார்த்துவிடலாம். இதற்குத்தானே வாங்கினோம்! வாங்கியதை ஜோதிபாசு கேட்டான் என்று தூக்கிக் கொடுத்தாயிற்று. ஜோதிபாசு காலேஜிலிருந்து கூட வருகிற நண்பன், எதைக் கொடுத்தாலும் திரும்பி வராது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்து, "சொல்றா மாப்ள, கெளம்பிட்டீங்களா? நான் நேரா கிரவுண்டுக்கு வந்தர்றேன்" என்றான். "டேய், என் கேமரா எங்கடா?" "எந்தக் கேமரா? ஓ, அதுவா. அது வந்து, எங்க ஊட்டு சாக்கடைக்குள்ள பாம்பு பூந்துருச்சுன்னு உட்டேன்ல." "பாம்பப் பாத்துட்டுத் தர்றேன்னுதான் வாங்குன." "பாத்தேன்டா. சாரைதான். ஆனா கேமராவுக்குள்ள தண்ணி பூந்துருச்சு. அரிசிக்குள்ள போட்டு வெச்சிருக்கேன்." "எப்பப் போட்ட?" "ஒரு மாசம் இருக்கும்." ரகுபதி போனை வைத்தான். ஒரு மாசமாக அரிசிக்குள் கிடக்கிறதாம். அந்த அரிசியைப் பொங்கித் தின்றுவிட்டு இவனும் சாகட்டும் என்று நினைத்தான், உடனே ஐயோ என்று நினைத்தான், காலையில் சாவு என்ற வார்த்தையை எதற்கு நினைத்தோம், அதுவும் இன்றைக்கு.

திரும்பவும் நேற்றிலிருந்து வருவோம். பழைய குழாயைக் கழற்றினான், சரி. துணியை அடைத்தான், சரி. புதுக் குழாயைக் கையில் எடுத்தான், அதன் உள்பக்கத்தில் ஒட்டியிருந்த தூசியை ஊதினான், அலுமினிய வாசனை அடித்தது, சரி. அதற்கப்புறம் டார்க் ஸ்பேனர் கிளிக்கென்று சொன்னது, கிளாம்ப் போதுமான அளவு இறுகிவிட்டது என்று அர்த்தம். வழக்கம்போல இன்னொரு தடவை வைத்துப் பார்த்தான், மறுபடி கிளிக். ஊதியதற்கும் கிளிக்குக்கும் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும், காலையிலிருந்து அதன் விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி வருகிறான். அதில் ப்ரியா நிற்கிறாள். பரண் மேலிருந்து இறக்கிய ரேஸ் சூட்டைப் போட்டுக்கொண்டு, வாசல்படியில், கையை விரித்துக்கொண்டு நிற்கிறாள். "ஜிப் ஏறிருச்சு பாருங்க! மகிழா பொறந்தப்பறம் இது எனக்கு ஏறவே ஏறாதுன்னு நெனச்சேன்." சிவப்பு சூட். இடது தோளில் உரசிப்போன தடம் இன்னும் இருந்தது. அவன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "சூப்பரா இருக்கு" என்றான். வேறு என்ன சொல்ல முடியும். அவள் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தச் சுற்றோடு சேர்ந்து துணியும் எங்கேயோ போய்விட்டது.

அந்தத் தடம் எப்படி வந்தது என்பது அவனுக்கு மட்டும் ஒரு விதமாகத் தெரியும், மற்ற எல்லாருக்கும் வேறு விதமாகத் தெரியும். மற்றவர்களுக்கு அது கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால், பொள்ளாச்சி ரோட்டுப் பக்கம் ஒரு மண் மைதானத்தில், இரண்டாவது வளைவில் பழைய வண்டியின் வலது சக்கரங்கள் தூக்கின, வண்டி சாய்ந்தது, புரண்டது, இன்னொரு தரம் புரண்டது, நின்றது. தூசிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியது, கூட்டம் ஓவென்று கத்தியது. ப்ரியாவே இதை ஆயிரம் தடவை சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். ரகுபதிக்கு அந்தக் கை வருவதற்கு முந்தின தூசி மட்டும்தான். கயிற்றுக்கு இந்தப் பக்கம் டீ டம்ளரோடு நின்றான். தூசி மஞ்சளாக எழும்பி அப்படியே நின்றுவிட்டது. காற்றே இல்லை. அதற்குள் ஒன்றும் அசையவில்லை. ஒலிபெருக்கிக்காரன்கூட வாயை மூடிக்கொண்டான். டீ கொதிக்கக் கொதிக்கக் கையில் வழிந்ததை ராத்திரி கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான். அந்தத் தூசி அடங்கிவிட்டது என்று எல்லாரும் சொல்கிறார்கள். மகிழா பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அது இருந்தது. பம்பு கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் உட்கார்ந்து ஒவ்வொரு பம்பையும் கையால் சுழற்றிப் பார்த்து முத்திரை குத்தும்போது இருந்தது. நாலு மாசத்துக்கு முன்னால் ப்ரியா சோற்றைப் பிசைந்துகொண்டே, "நான் மறுபடி ஓட்டலாம்னு பாக்கறேனுங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது தட்டுக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றது. அவன் "ஓட்டு" என்றான். ஒரே வார்த்தை, யோசிக்காமல், நல்ல புருஷன் சொல்கிற மாதிரி. சொல்லிவிட்டு எழுந்து போய் வண்டியின் பிரேக்கைப் பார்க்க ஆரம்பித்தவன்தான், இன்னும் முடிக்கவில்லை.

நாலு மாசமாக அவன் செய்ததெல்லாம் அதுதான். மற்றவர்கள் வேகத்துக்காக வண்டியில் கை வைப்பார்கள். அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டான், இன்னும் பத்துக் குதிரை, இன்னும் இருபது குதிரை என்று டீக்கடையில் பேசினான். வீட்டுக்கு வந்து கதவின் திருகுகளை எண்ணினான். சீட் பெல்ட்டின் நட்டுகளை இறுக்கினான், அடுத்த ஞாயிற்றுக்கிழமை தளர்த்தி மறுபடி இறுக்கினான். எது புரளவைத்தது என்று தெரிந்தால் அதை மாற்றிவிடலாம். தெரியவில்லை. ஸ்பிரிங்கா, டயரா, மண்ணா, அவளா? அவளை எந்த ஸ்பேனரால் சரிபார்ப்பது? எரிச்சல் எரிச்சலாக வந்தது. அவள் மேல், வண்டி மேல், சாரைப்பாம்பின் மேல், சூப்பரா இருக்கு என்று சொன்ன தன் வாயின் மேல். ஸ்பேனரைத் தூக்கிப் பெட்டிக்குள் எறிந்தான், அது விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது, குனிந்து எடுக்க வேண்டியதாயிற்று. குனிந்திருந்த அந்த நேரத்தில்தான், தலைக்குள் ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தபோது, சத்தமே இல்லாமல் அந்த எண்ணம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. இருந்தால்தான் என்ன? துணி உள்ளேயே இருந்தால்தான் என்ன ஆகிவிடும்? வண்டி கிளம்பும். கொஞ்ச தூரம் போகும். அவினாசி ரோட்டைத் தொடுவதற்குள் மூச்சு முட்டும், டர்போ துணியைச் சுருட்டி இழுக்கும், ஒரு மாதிரி ஊளையிடும், நின்றுவிடும். நாற்பதில் போகிற வண்டி, பஸ் ஸ்டாப் ஓரமாக, நல்லபடியாக நின்றுவிடும். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் ஆகாது. 'ச்சே, கடைசி நேரத்துல இப்படி ஆயிருச்சே' என்பார்கள். அவள் அழுவாள், அழட்டும், வீட்டில் உட்கார்ந்து அழட்டும். டர்போ போனால் வேறு டர்போ. மறதி எல்லாருக்கும் வருவதுதானே.

நிமிர்ந்தான். முதுகில் வேர்வை குளிர்ந்துபோயிருந்தது. காலையிலிருந்து துணி வெளியே கிடைக்க வேண்டும் என்றுதானே தேடுகிறோம் என்று நினைத்திருந்தான். குப்பைக்கூடைக்குள் கையை விட்டபோது துணி தட்டுப்படாததும் மனசு ஒரு துளி லேசானதை இப்போது நினைத்துப் பார்த்தான். லேசாகத்தான் ஆனது. பொய் சொல்ல முடியாது. அப்படியென்றால் நேற்று? துணியை எடுக்காமல் விட்டது மறதியா, இல்லை அவனுக்குத் தெரியாமல் அவன் கை பார்த்த வேலையா? கைக்கு அப்படி ஒரு புத்தி உண்டா? பதினைந்து வருஷமாகப் பம்புகளைச் சரிபார்க்கிற கை, எதையும் இரண்டு தடவை பார்க்கிற கை, இதை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்காமல் விட்டதென்றால்? தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை.

கதவு திறந்த சத்தம் கேட்டது. மோகனப்ரியா சிவப்பு சூட்டில் வெளியே வந்தாள், ஒரு கையில் ஹெல்மெட் பை, இன்னொரு கையில் அவனுடைய காபி. குழந்தை மகிழாவை நேற்றே பீளமேட்டில் இருக்கிற ப்ரியாவின் தங்கை வீட்டில் விட்டாயிற்று. "ஆச்சுங்களா?" என்றாள். "ம்" என்றான். ம் என்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் டம்ளரை அவன் கையில் கொடுத்தாள், பையைப் பின்சீட்டில் வைத்தாள், ஓட்டுகிற சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தாள். சாவி நேற்றிலிருந்து கியருக்குப் பக்கத்துக் குழியிலேயே கிடக்கிறது. காபியின் சூடு விரல்களில் ஏறியது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்க்கிறோம், மறுபடியும் அதே மாதிரி, என்று நினைத்தான். அவள் பிரேக்கை மிதித்தாள், பின்விளக்கு எரிந்து காம்பவுண்டுச் சுவரெல்லாம் சிவப்பானது. இப்போது அமுக்குவாள். சும்மா நின்றால் போதும். ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை, சும்மா நின்றால் எல்லாம் தானாக நடக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவள் விரல் போவது தெரிந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள், பரீட்சை எழுதப்போகிற பிள்ளை மாதிரி, சந்தோஷத்தை வெளியே காட்டக் கூடாது என்று அடக்கிக்கொண்டு. மூன்று வருஷமாக அந்த முகத்தை அவன் பார்த்திருக்கவில்லை.

"ப்ரியா, அமுக்காத!"

மாடியில் கனகராஜின் தலை மறுபடி தெரிந்தது. காபி தரையில் கொட்டியிருந்தது. அவள் விரலை எடுத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "என்னாச்சு?"

"துணி. டர்போவுக்குள்ள துணி இருக்குதான்னு தெரியலை."

"சாவில கட்டலைங்களா?"

"இல்லை. லேப்டாப் போட்டிருந்தேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் வண்டியிலிருந்து இறங்கி, கதவில் சாய்ந்துகொண்டு, அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். தப்பான விடை எந்த வரியில் ஆரம்பித்தது என்று பார்க்கிற பார்வை. "எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்றாள். "காலைல." "காலைலயிருந்தா? அப்பறம் ஏனுங்க சொல்லலை?" அவன் காலி டம்ளரை ஓரமாக வைத்தான். "இருக்கணும்னு நெனைக்கறீங்களா, இருக்கக் கூடாதுன்னு நெனைக்கறீங்களா?" இந்தக் கேள்வியை எங்கிருந்து எடுத்தாள்? அவன் இப்போதுதான், குனிந்திருந்தபோது, அதைத் தானே கண்டுபிடித்தான். இருக்கக் கூடாது என்று சொல்ல வாய் வந்தது. "இருக்கணும்னு" என்றான். அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான், ஆனால் அவளுக்குக் கேட்டுவிட்டது. "எனக்குப் பயமா இருக்கு ப்ரியா. அன்னைக்கிருந்தே பயமா இருக்கு. நீ ஓட்டறேன்னு சொன்ன நாள்லயிருந்து எனக்குச் சோறு எறங்கலை." சொல்லி முடித்ததும் கண்ணில் நீர் முட்டியது, மாடியிலிருந்து வீட்டுக்காரர் பார்க்கிறாரே என்ற வெட்கமும் சேர்ந்து முட்டியது.

அவள் சூட்டின் கையை முழங்கைக்கு மேல் மடித்தாள். "மூடியக் கழட்டுங்க" என்றாள். அவன் மேல்மூடியை எடுத்தான், அவள் பேட்டரியின் முனையைத் தளர்த்தினாள். அவன் பேட்டரியைத் தூக்கி வெளியே வைப்பதற்குள் அவள் தட்டின் திருகுகளைக் கழற்றியிருந்தாள். இரண்டு பேராகச் செய்து பல நாள் ஆகிவிட்டது. பழைய வண்டியில் இப்படித்தான், ஒருத்தர் கேட்பதற்குள் இன்னொருத்தர் கையில் ஸ்பேனர் இருக்கும். "ஒருநாளாவது வேண்டாம்னு சொல்லியிருக்கலாமில்லைங்க" என்றாள் திருகைப் பார்த்துக்கொண்டே. "சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன். ரெண்டு நாள் பேசாம இருந்திருப்பேன். அப்பறம் பேசியிருப்போம். நீங்க சண்டைக்கே எடங்குடுக்காம நட்டையே முறுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மட்டும் பயமில்லைன்னு நெனச்சீங்களா?" அவளுக்குப் பயம் இருக்கும் என்று அவன் ஒருதடவைகூட நினைத்ததில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவள். "அன்னைக்கு வண்டி நின்னப்ப எந்தப் பக்கம் மேலன்னே எனக்குத் தெரியலை. வெளிய உங்களுக்குத் தெரியட்டும்னுதான் கையத் தூக்கினேன்." கிளாம்ப் விட்டது. குழாய் அரையடி நகர்ந்தது, அதற்குமேல் வரவில்லை. அவன் கை அந்தச் சந்தில் மணிக்கட்டோடு நின்றுவிட்டது. அவள் அவனை நகர்த்திவிட்டுத் தன் கையை முழங்கைவரை உள்ளே விட்டாள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, அதனால் தலையைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தடவினாள். அவனும் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அவள் புருவம் லேசாக உயர்ந்தது.

மஞ்சள் துணி கசங்கிக் கசங்கி வெளியே வந்தது.

அவள் அதை உதறினாள், வண்டிக்குள் எட்டிச் சாவியை எடுத்தாள், துணியின் நுனியைச் சாவி வளையத்தில் கோத்து இறுக்கி முடிந்தாள், சட்டப்படி எப்படி முடிய வேண்டுமோ அப்படி. "கழட்டினதுல பாதி நேரத்துல மாட்டிரலாம், பிடிங்க" என்றாள். மாட்டினார்கள். கிளிக்கென்றது, அவன் இரண்டாவது தடவை வைத்துப் பார்க்கவில்லை. மேல்மூடி பொருந்தியதும் அவள் துணியும் சாவியுமாக அவன் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். "நான் ஏறி உக்காந்துக்கறேன். வேண்டாம்னா இங்கயே நில்லுங்க. நான் கோவிச்சுக்குவேன், ஆனா எறங்கி உள்ள போயிருவேன்." சொன்னபடியே போய் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாவி தன்னிடம் இல்லை என்று வண்டி உள்ளே கிணிங் கிணிங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்து எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்தவில்லை. ரகுபதி போர்டிகோவில் நின்றான். துணியில் அவள் கை ஈரம் இருந்தது. மைதானத்தில் அதே தூசி எழும்பும், இந்தத் தடவையும் அதற்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, எந்த நட்டை முறுக்கினாலும் தெரியப்போவதில்லை. பயம் போகவில்லை, கொஞ்சம்கூடப் போகவில்லை. மாடியிலிருந்து, "ஏனுங் தம்பி, போறீங்களா இல்லையா?" என்று கேட்டார் கனகராஜ்.

"போறோமுங்க" என்றான்.

இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். கிணிங் கிணிங் நின்றது. மஞ்சள் துணியையும் சாவியையும் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். ப்ரியா பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினாள்.